ஆவியின் பத்து வாக்கியங்கள்

ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளை ஆவி என்றுதான் கூப்பிடுவார்கள். பேய் என்று பொருளில்லை, ஆவி இஸ்திரி இயந்திரத்தில் பதினோரு வருடமாக நிற்கிறவள் என்று பொருள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் "ஆவி வருது, வழி விடுங்க" என்ற குரலைக் கேட்டு ஒரு தடவையாவது தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியிருப்பார்கள். மற்றவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இப்போதெல்லாம் ஓர் இருமல் வருகிறது.

அந்த இருமலை டாக்டரிடம் கொண்டுபோனபோது அவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த வெக்கையிலயும் ஈரத்துலயும் இன்னும் ஆறு மாசம் நின்னீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வந்து பிரயோஜனமில்ல, வேற வேலை பாருங்க" என்றார். வேற வேலை பாருங்க என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் ஏழாவது படிக்கிற ஒரு மகள். சம்பாதிக்கிற கை இவளுடையது மட்டும்தான். வேறு வேலை என்ன, மரத்திலா காய்க்கிறது?

காய்த்தது என்றே சொல்ல வேண்டும். அடுத்த மாதமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஓட்டலின் மேல்தளத்தில் விருந்தாளிகளின் துணியை வாங்கிக்கொண்டு சீட்டுப் போட்டுக் கொடுக்கிற கவுன்டருக்கு ஓர் ஆள் வேண்டும், கீழே சலவைக்கூடத்தில் இருக்கிறவர்களிலிருந்தே எடுப்போம், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ஆனால் ஆங்கிலம் பேச வேண்டும், தன்னைப் பற்றிப் பத்து வாக்கியம் தடுமாறாமல் சொல்லிக் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கவுன்டரை ஆவி பார்த்திருக்கிறாள். ஒரு நாற்காலி, ஒரு போன், பக்கத்தில் ஒரு ஜன்னல். ஜன்னல் என்றால் திறக்கிற ஜன்னல். இரண்டு தளம் மண்ணுக்கு அடியில் நிற்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"உனக்குன்னே ஒட்டியிருக்காங்கக்கா" என்றாள் பொத்தான்.

பொத்தான் என்பவள் தையல் மேசைக்காரி. சட்டைகளில் போன பொத்தானைத் தைப்பாள், பிரிந்த ஓரத்தை மடிப்பாள். ஆவியைவிட ஆறேழு வயது சின்னவள். வேலைக்கு வந்த முதல் நாள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டு அழுதவளுக்குத் துணி கட்டிவிட்டது ஆவிதான். அன்றிலிருந்து அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடாத குறை. புருஷன் வேன் ஓட்டுகிறான், இரண்டு பையன்கள், குறை என்று பெரிதாக எதுவும் இல்லாத வீடு. குறை இல்லாததே ஒரு குறை என்பதுபோல் சில நேரம் அவள் பேசுவாள். ஆவி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"எனக்கு எங்கடி இங்கிலீஷு? எஸ், நோ, தேங்க்யூ. அதோட கடையைக் கட்டிட வேண்டியதுதான்."

"நானும் பேர் குடுக்கறேன். உனக்குத் துணைக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சா வந்துட்டுப் போகுது. வேலை எனக்கு வேணாம்க்கா, நீ போ. நீ மூச்சு விட்டாப் போதும் எனக்கு."

இந்தச் சொற்களை ஆவி மனதுக்குள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். பின்னால் அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கப்போகிறாள் என்பது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

அட்டை கிழிந்த ஓர் இலக்கணப் புத்தகத்தைப் பொத்தானின் புருஷன் எங்கிருந்தோ வாங்கிவந்தான். அதில் ஆங்கில வாக்கியம் ஐந்தே வகை என்று போட்டிருந்தது. ஐந்துதானா என்று ஆவிக்கே நம்ப முடியவில்லை. பதினோரு வருடமாக மேலே இருக்கிறவர்கள் பேசுகிற பேச்செல்லாம் இந்த ஐந்துக்குள்தான் அடங்குகிறதா? முதல் வகை ரொம்பச் சின்னது. ஒரு ஆள், ஒரு செயல், அவ்வளவுதான். பேர்ட்ஸ் ஃப்ளை. பேபி ஸ்லீப்ஸ். இரண்டாவதில் ஆள், செயல், அப்புறம் ஒரு பொருள். மூன்றாவதில் ஆள் எப்படி இருக்கிறார் என்பது. நான்காவதில் ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைக் கொடுப்பது. ஐந்தாவதற்கு அவர்கள் வரவே இல்லை, அதற்குள் நேரம் ஓடிவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் தையல் மேசையின் கீழே உட்கார்ந்து படித்தார்கள். மேசையின் கீழே என்றால் உண்மையிலேயே கீழேதான், மேலே துணி குவிந்திருக்கும். மூட்டைகளில் கட்டுகிற அட்டைச் சீட்டுகளில் பழசானவற்றைப் பொறுக்கி, பின்பக்கம் ஒரு சீட்டுக்கு ஒரு சொல்லாக எழுதினார்கள். அதைக் கொடியில் கிளிப் போட்டு வரிசையாக மாட்டுவார்கள். 'ஐ' ஒரு சீட்டு, 'பிரெஸ்' ஒரு சீட்டு, 'ஷர்ட்ஸ்' ஒரு சீட்டு. சேர்ந்தே போகிற சொற்களை ஒரே கிளிப்பில் மாட்டினார்கள். 'இன் த பேஸ்மென்ட்' என்பது மூன்று சொல் ஆனாலும் ஒரே அறைக்குப் போகிற துணி, பிரிக்கக் கூடாது என்று ஆவிதான் கண்டுபிடித்தாள். புத்தகத்தில் இரண்டு பக்கம் விளக்கி எழுதியும் புரியாதது இப்படிப் புரிந்துவிட்டது. பொத்தான் கைதட்டினாள்.

சலவைக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. தன் மூட்டையைத் தானே சரிபார்க்கக் கூடாது. துணியை எண்ணிக் கட்டியவளின் கண்ணுக்கு அவளுடைய தப்புத் தெரியாது, அதனால் பக்கத்தில் இருக்கிறவள்தான் பிரித்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் அறைச் சட்டை முப்பதாம் அறைக்குப் போனால் கட்டியவளுக்குத் திட்டு விழாது, சரிபார்த்தவளுக்குத்தான் விழும். பதினோரு வருடம் அப்படியே வேலை செய்து பழகியவளுக்கு இங்கிலீஷும் அப்படித்தான் வந்தது. ஆவியின் பத்து வாக்கியத்தைப் பொத்தான் மனப்பாடம் செய்தாள், பொத்தானின் பத்து வாக்கியத்தை ஆவி மனப்பாடம் செய்தாள். ஒருத்தி சொல்லும்போது மற்றவள் நோட்டைப் பார்க்காமல் தப்பைப் பிடிக்க வேண்டும். வெளியாள் யாராவது பார்த்திருந்தால், தன் சரக்கை இப்படியா அடுத்தவளிடம் திறந்து வைப்பாய் என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சலவைக்காரிக்கு அது தோன்றாது. மூட்டையைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் தள்ளித்தானே பழக்கம்?

பொத்தானுடைய வாக்கியங்கள் சுலபமாக அமைந்தன. மை ஹஸ்பண்ட் டிரைவ்ஸ் எ வேன். வி ஹேவ் டூ சன்ஸ். ஐ லைக் ப்ளூ த்ரெட். ஒரு மத்தியான வேளையில் பத்தும் முடிந்துவிட்டது. "என் கதை இம்புட்டுத்தானாக்கா?" என்று நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நிம்மதியான வாழ்க்கைக்குப் பத்து வாக்கியமே ஜாஸ்திடி" என்றாள் ஆவி. அன்று பொத்தான் சிரிக்கவில்லை.

ஆவிக்கு மூன்றாவது வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது. புருஷனைப் பற்றி எழுத வேண்டும். அவன் உயரமான கட்டடங்களுக்கு வர்ணம் அடித்தவன். ஒரு நாள் கயிறு அறுந்தது. நடந்து எட்டு வருடம் ஆகிறது. யார் கேட்டாலும் "அவர் இல்ல" என்பாள், "போய்ச் சேர்ந்துட்டார்" என்பாள், மகளிடம் "அப்பா மேல இருக்கார்" என்பாள். விழுந்தார் என்ற சொல்லை அவள் வாய் தொட்டதில்லை. தமிழில் சுற்றிவளைத்துச் சொல்ல ஆயிரம் வழி இருக்கிறது. இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுற்றுவழி ஏது? ஆள், செயல், முடிந்தது.

நாலு நாள் அந்த வரியைத் தொடாமல் மற்ற வரிகளை எழுதினாள். ஐந்தாம் நாள் மேசையின் கீழே சீட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, "ஹி" என்று எழுதினாள். பொத்தான் அவள் முதுகில் கை வைத்தாள். "ஃபெல்" என்று எழுதினாள். எழுதி முடித்ததும் உடம்பு குலுங்க அழுதாள், எட்டு வருடத்துக்கும் சேர்த்து. பொத்தான் கிளிப்பை எடுத்து அந்த இரண்டு சீட்டையும் கொடியில் மாட்டினாள். "வந்துடுச்சுக்கா, வந்துடுச்சு" என்றாள். இதற்குமேல் ஒருத்திக்கு ஒருத்தி என்ன செய்ய முடியும்? கூடப் பிறந்தவள்கூட இப்படி இருப்பாளா என்று அன்று இரவு மகளிடம் சொன்னாள் ஆவி.

எட்டாவது, ஒன்பதாவது வாக்கியங்கள்தான் அவளுக்குப் பிடித்தவை. ஒரு முறை இஸ்திரிக்கு வந்த கோட்டின் உள்பையில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. கோட்டுக்குச் சொந்தக்காரர் விமானத்துக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். செருப்பைக்கூடப் போடாமல் இரண்டு தளம் ஏறி ஓடி, கார் கதவு சாத்துகிற நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐ ரேன் டு த கார். ஐ கேவ் ஹிம் த பாஸ்போர்ட். நான்காவது வகை வாக்கியம் இவளுக்காகவே செய்துவைத்ததுபோல் இருந்தது.

தேர்வு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மேல்தளத்தில் ஒரு சின்ன அறை, வெளியே ஆறு நாற்காலி. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர் உள்ளே இருந்தார்கள், ஒரு கோட்டுக்காரர், ஒரு கண்ணாடி போட்ட அம்மா. கீழே வேலை செய்கிறவர்களில் ஒருவரையும் அவர்களுக்குத் தெரியாது. ஆவிக்கு மூன்றாம் எண், பொத்தானுக்கு நான்கு.

"அக்கா, நான் முன்னாடி போயிடட்டுமா? எனக்குக் கை நடுங்குது. போயிட்டு வந்து என்ன கேக்குறாங்கன்னு உனக்குச் சொல்லிடறேன். உனக்கும் நல்லதுதானே?"

நல்லதுதானே. ஆவி எண் சீட்டை மாற்றிக் கொடுத்தாள்.

பொத்தான் உள்ளே போய் ஏழு நிமிடத்தில் வந்தாள். கதவு மூடுவதற்கு முன்னால் உள்ளே அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சளி பிடித்திருக்கும் என்று ஆவி நினைத்தாள்.

"என்னடி கேட்டாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேப்பாங்க, அம்புட்டுத்தான்" என்ற பொத்தான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள். பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று தோன்றியது ஆவிக்கு. வெகுளித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று நமக்குத் தோன்றும். நமக்கென்ன, நாம் மேசையின் கீழே அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர்கள் இல்லையே.

உள்ளே போனாள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். கோட்டுக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார், 'யுவர்செல்ஃப்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ஐ வொர்க் இன் த பேஸ்மென்ட். ஐ பிரெஸ் ஷர்ட்ஸ். மை ஹஸ்பண்ட் பெயின்டட் டால் பில்டிங்ஸ்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். கோட்டுக்காரரைப் பார்த்தாள்.

"ஹி" என்றாள் ஆவி. நின்றது. நூறு தடவை கொடியில் மாட்டிய சீட்டு. கயிறு, அவன் சட்டையில் காய்ந்திருந்த வெள்ளை வர்ணம், சேதி சொல்ல யாரோ வந்து வாசலில் நின்றது, எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டன. "ஹி... ஹி..." ஓர் இருமல் வந்தது. சமாளித்துக்கொண்டு, "ஹி ஃபெல்" என்றாள். பிறகு ஓடவே தொடங்கினாள், மகள், பள்ளிக்கூடம், கோட்டு, பாஸ்போர்ட். பத்தையும் சொல்லி முடித்தாள். இரண்டு இடத்தில் தடுமாற்றம்தான், ஆனால் முடித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். இருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா தமிழில் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் இதையேதான்மா சொன்னாங்க. ஒரு வார்த்தை மாறல. வர்ணம் அடிக்கிற புருஷன், விழுந்தது, பாஸ்போர்ட்டு. எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு இது?"

ஆவிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அது என்னோடதுங்க. என் வீட்டுக்காரர்ங்க. என் வீட்டுக்காரர்தான் அது."

"அவங்களும் அழுத்தமாத்தான் சொன்னாங்க."

"அவ வீட்டுக்காரர் வேன் ஓட்டறார். உசிரோட இருக்கார். கீழ யாரை வேணாக் கேளுங்க."

கோட்டுக்காரர் கையை உயர்த்தினார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். "இதை நாங்க தப்பா எடுத்துக்கலம்மா. எல்லா ஊர் தேர்வுலயும் இந்த மாதிரி ஒரு சோகக் கதை வரும். யாரோ எழுதிக் குடுப்பாங்க, நாலு பேரு உருப்போட்டுட்டு வருவாங்க. உண்மையா பொய்யான்னு பாக்கறது எங்க வேலை இல்ல. பேச்சுத்தான் பாக்கறோம். அவங்க தடுமாறாமச் சொன்னாங்க. நீங்க நடுவுல நின்னுட்டீங்க."

நின்றுவிட்டாள். ஆமாம், நின்றுவிட்டாள். அவளுடைய புருஷன் விழுந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். அங்கே நிற்காமல் போகிறவளுக்குத்தான் வேலையாம்.

"சரி, வேற ஏதாவது சொந்தமாச் சொல்லுங்க. ரெண்டு வாக்கியம் போதும்" என்றாள் அந்த அம்மா.

ஆவி வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் தயாராக நின்றது ஒரே ஒரு வரிதான். மை ஹஸ்பண்ட் டிரைவ்ஸ் எ வேன். அடுத்து, வி ஹேவ் டூ சன்ஸ். அடுத்து, ப்ளூ த்ரெட். பதினைந்து நாள் சரிபார்த்த மூட்டை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வேறு எதுவும் இல்லை. அதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

மாலை நான்கு மணிக்குள் பலகையில் முடிவை ஒட்டிவிட்டார்கள். தையல் மேசை என்று எழுதிப் பொத்தானின் பணி எண்ணைப் போட்டிருந்தார்கள்.

பொத்தான் துணி உலர்த்தும் அறையில், சுழலும் இயந்திரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். ஆவி கையைப் பிடித்து இழுத்தாள். அடிப்பதற்கென்றே இழுத்தாள், பொய் சொல்வானேன்? ஆனால் பொத்தானின் முகம் வீங்கியிருந்தது. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"வாய்ல வந்துடுச்சுக்கா" என்றாள். "சத்தியமாச் சொல்றேன். உள்ள போனதும் மண்டை காலி. என்னோடது ஒண்ணுகூட ஞாபகத்துல வரல. உன்னோடதுதான் வந்துச்சு. தெனம் உன்னோடதைத்தானே திருத்திக்கிட்டிருந்தேன்? ஆரம்பிச்சப்பறம் நிறுத்தத் தெரியல. நான் பாவி. எனக்கு வேலை வேணாம், போய்ச் சொல்லிடறேன், கால்ல வேணா விழறேன்."

ஆவியின் கை தளர்ந்தது. ஏன் தளர்ந்தது என்றால், அவளுக்கும் அதேதானே நடந்தது? சொந்தமாகச் சொல் என்றபோது அவள் நாக்கிலும் பொத்தானின் வேன்தானே வந்து நின்றது? தன் மூட்டையில் இருப்பது மறந்து அடுத்தவள் மூட்டையில் இருப்பது மட்டும் ஞாபகம் இருப்பது எப்படி என்று வெளியாளுக்குப் புரியாது. இவளுக்குப் புரிந்தது. ஆத்திரம் போகவில்லை. ஆனால் அதை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. பயந்தவள்மேல் என்ன கோபப்படுவது? தானும் அவளும் சேர்ந்து செய்த கூத்து, சலவைக்கூடத்துச் சட்டத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோன முட்டாள்தனம்.

"சரி, விடு" என்றாள். சொல்லும்போது நெஞ்சு எரிந்தது. "போய்ச் சொன்னா உன்னையும் நிறுத்திடுவாங்க, எனக்கும் குடுக்க மாட்டாங்க. உனக்காவது கெடைச்சுதுன்னு இருக்கட்டும். மூஞ்சியைக் கழுவு."

முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தும் விட்டாள். பொத்தான் அவள் தோளில் சாய்ந்து இன்னொரு பாட்டம் அழுதாள். ஆவிக்கு இருமல் வந்தது. அந்த அறையில் சூடு அதிகம்.

வேலை முடிந்து இருவரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது பொத்தானின் புருஷன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். சாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ஆவியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக வந்தான். பொத்தான் வேனின் கதவைத் திறக்க அவசரப்பட்டாள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? கெடைச்சுடுச்சாமே. போன் பண்ணிச் சொன்னா. நான் அப்பவே சொன்னேன், இது எடுபடும்னு."

"எது தம்பி?"

"அதான்க்கா, அந்தப் பத்து வரி. பத்து நாளா வீட்டுல நான்தானே கேள்வி கேக்குற ஆபீசரு. பசங்களைத் தூங்க வச்சுட்டு அவ நிப்பா, நான் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'ம்பேன்." அவன் சிரித்தான். "முதல் நாளு கேட்டேன், என்னடி, என்னையே சாகடிச்சுட்டியேன்னு. வேலைக்குத்தானேய்யா, கொஞ்ச நேரம் செத்துப்போனா என்னன்னா. சரி, செத்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

"நேரமாச்சு, வாங்க" என்றாள் பொத்தான்.

"இருடி. அக்காகிட்டச் சொல்றேன்ல? அந்த 'ஹி ஃபெல்' வருதுல்லக்கா, அந்த எடத்துல இவ கடகடன்னு போயிட்டிருந்தா. நான்தான் சொன்னேன், 'ஹி'ன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடு, எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாரு, அப்பறம் மெதுவா 'ஃபெல்'னு சொல்லுன்னு. நாலு நாள் அதை மட்டும் பழகினா. கெட்டிக்காரி. அந்த ஆபீசரம்மா அழுதுட்டாங்களாமே?"

ஆவி பொத்தானைப் பார்த்தாள். பொத்தான் வேனின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இப்போது அழுகை எதுவும் இல்லை. உலர்த்தும் அறையில் ஆவி துடைத்துவிட்ட அதே முகம்தான்.

பத்து நாள். மத்தியானம் மேசையின் கீழே முதுகில் கை வைத்து 'வந்துடுச்சுக்கா' என்றவள், ராத்திரி வீட்டில் போய் அதை வைத்துக்கொண்டு கண்ணைப் பார்த்து மூச்சு விடப் பழகியிருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று எத்தனையோ தடவை ஆவியே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அது இப்படித்தான் இருக்கும் என்று தெரியாது. கழுத்து அறுபட்டதுகூட அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது, அறுத்தவளின் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்ததுதான்.

"உள்ள வச்சு 'சரி, விடு'ன்னு சொன்னேன்ல" என்றாள் ஆவி, பொத்தானிடம். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அதை நான் சொல்லலைன்னு வச்சுக்க."

"அக்கா, உனக்கென்ன, எப்படியும் அந்த எடத்துல அழுதிருப்ப" என்றாள் பொத்தான். முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "தெனம் அழுத. உனக்குக் கெடைச்சிருக்காது. ரெண்டு பேருல ஒருத்தியாவது மேல போகணும்ல? என் கதையில சொல்றதுக்கு என்ன இருந்துச்சு, நீயே சொல்லு. நூலா?"

புருஷன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஏம்மா, அது அக்காவோட... நீ எழுதினதுன்னுதானே சொன்ன?" என்றான். ஆவி திரும்பி நடந்தாள். பின்னால் வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. நாளைக் காலை ஆறு மணிக்கு இஸ்திரி இயந்திரம். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டது. அடுத்த தாளை எப்போது ஒட்டுவார்களோ, ஒட்டுவார்களோ மாட்டார்களோ. மகள் வாசலில் நின்றுகொண்டிருப்பாள், உள்ள என்னம்மா கேட்டாங்க, எல்லாத்தையும் கரெக்டாச் சொன்னியா என்று கேட்பாள். அவளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா எப்படி இறந்தார் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த வேலை கிடைத்தால், இதே இரண்டு சொல்லால், முதன்முதலாக அவளிடம் சொல்லிவிடுவது என்று ஆவி நினைத்து வைத்திருந்தாள்.

ஜன்னல் பக்கம் திரும்பி, பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்காமல் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஹி. அவளை அறியாமலே ஒரு மூச்சு விட்டாள். ஜன்னல் கண்ணாடியில் தன் கண்ணையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக, ஃபெல்.

அழுகை வரவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வீட்டுக்கு நடந்து போனாள்.